வட்டத்தில் வளரும் மனம்

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்கிறார். முன்வரிசையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் உடனே கையை உயர்த்துகின்றனர். அவர்களுள் ஒருவர் விடை கூறுகிறார். ஆசிரியர் ‘சரி’ என்கிறார். பாடம் மேலே செல்கிறது. பின்வரிசை மாணவர் ஒருவரின் மனத்தில் பாதி உருவான விடை ஒன்று இருந்திருக்கலாம். அதைச் சொல்லிப் பார்க்கவும் திருத்திக்கொள்ளவும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆண்டு முழுவதும் இவ்வாறே நடந்தால், “பேசுபவர்கள் கெட்டிக்காரர்கள், எனக்கு இது வராது” என்னும் முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். உண்மையில் அவருக்கு அறிவு குறைவு என்று எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. அந்த வகுப்பில் யாருக்குப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது என்பது மட்டுமே தெரிய வந்துள்ளது.

இந்த நிலையை மாற்ற உதவும் வழிகளுள் ஒன்று கலந்துரையாடல் வட்டம். மாணவர்கள் வட்டமாக அமர்ந்து ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால், அதில் இரண்டு பெரிய பயிற்சிகள் அடங்கியுள்ளன. ஒன்று, திறமை வளரக்கூடியது என நம்பும் வளர்ச்சி மனப்பான்மை. மற்றொன்று, தன் கற்றலையும் நடத்தையையும் தானே திட்டமிட்டு, கவனித்து, திருத்திக்கொள்ளும் தன்னொழுங்கு. இவ்விரண்டையும் தனியே அமர்ந்து வளர்த்துக்கொள்வது கடினம். பிறரோடு பழகும்போதுதான் அவை வேர்விடுகின்றன.

கலந்துரையாடல் வட்டம் என்பது யாது?

வரிசையாக அமரும் வகுப்பில் மாணவர்கள் ஆசிரியரின் முகத்தையும் நண்பர்களின் முதுகையும் பார்க்கின்றனர். வட்டமாக அமர்ந்தால் ஒவ்வொருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்கின்றனர். அங்கு முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை. ஆசிரியரும் ஓர் இருக்கையில் அமர்கிறார்.

கலந்துரையாடல் வட்டத்தைப் பட்டிமன்றத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டிமன்றத்தில் அணி முன்பே முடிவாகிவிடும். பேச்சாளர் தம் அணியின் கருத்தை இறுதிவரை விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும். வட்டத்திலோ, பிறர் கூறிய காரணம் வலுவாக இருந்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு மாற்றிக்கொள்வது தோல்வியாகாது. அன்றைய பாடத்தில் அவர் கற்றுக்கொண்டதற்கு அதுவே அடையாளம்.

வட்டத்தில் முதலில் தேவைப்படுவது சற்று நேர அமைதி. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் பல வகுப்பறைகளை ஆராய்ந்தார். வினாவைக் கேட்ட ஆசிரியர்கள், விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடியே காத்திருந்ததை அவர் கண்டார். அந்த நேரத்தை மூன்று விநாடிகளாக நீட்டியபோது, மாணவர்களின் விடைகள் நீண்டன. காரணங்களோடு பேசுவோர் கூடினர். வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்கினர். ஒரு விநாடியில் விடை சொல்பவர் விரைவாகச் சிந்திப்பவராக இருக்கலாம். மூன்று விநாடி தேவைப்படுபவர் ஆழமாகச் சிந்திப்பவராகவும் இருக்கலாம். முதல்வருக்கு மட்டுமே நேரம் தரும் வகுப்பு, இரண்டாமவரின் சிந்தனையை இழந்துவிடுகிறது.

1981ஆம் ஆண்டில் ஃபிராங்க் லைமன் என்ற கல்வியாளர் ஓர் எளிய முறையை அறிமுகப்படுத்தினார். முதலில் தனியே சிந்தித்தல், அடுத்து அருகில் இருப்பவருடன் இணைந்து பேசுதல், பிறகு எல்லாரிடமும் பகிர்தல் என்பன அதன் மூன்று படிகள். தயங்கும் மாணவர் தம் கருத்தை முதலில் ஒரே ஒருவரிடம் சொல்லிப் பார்க்கிறார். அங்கே சொல் தடுமாறினால் பெரிய இழப்பில்லை. வட்டத்தில் பேச வேண்டிய நேரம் வரும்போது அவர் அதே கருத்தை இரண்டாம் முறையாகச் சொல்கிறார். பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நம் மரபில் கூடிக் கற்றல்

சக மாணவரிடமிருந்து கற்பது மேலைநாட்டிலிருந்து வந்த புதிய எண்ணம் அன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒருவர் கல்வியை எப்படி நிறைவு செய்கிறார் என்பதற்கு ஒரு கணக்குத் தருகிறது. ஆசிரியர் கூறுவதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்கே கிடைக்கும். உடன் கற்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். மீதி அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். அதாவது, ஆசிரியரிடம் கேட்டதோடு நின்றுவிடுபவருக்கு முக்கால் பங்கு கல்வி வந்து சேரவில்லை என்பது நன்னூலின் கருத்து.

அதே நன்னூல் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றோடு ஒப்பிட்டு, தலை, இடை, கடை என மூன்றாகப் பிரிக்கிறது. இதை மேலோட்டமாகப் படிப்பவர், “நான் ஓட்டைக் குடம்தான்” என்று தமக்குத்தாமே பட்டம் சூட்டிக்கொள்ளக்கூடும். உற்று நோக்கினால், இவ்வுவமைகள் ஒருவர் பாடத்தை எவ்வாறு ஏற்கிறார் என்பதையே காட்டுகின்றன. நெய்யரி நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தேக்கிக்கொள்கிறது. பாடத்தின் சாரத்தை விட்டுவிட்டுத் தேவையற்றதைப் பிடித்துக்கொள்வதும் அத்தகையதே. இவையெல்லாம் கேட்கும் பழக்கங்கள். பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

திண்ணைப் பள்ளிகளிலும் கூடிக் கற்கும் முறை இருந்தது. அங்கு மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு எழுத்துகளைக் கற்பித்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் பள்ளி ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கியபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே இளையவர்களின் வகுப்பை ஒப்படைத்தார். அம்முயற்சி வெற்றி பெற்றது. 1797ஆம் ஆண்டில் லண்டனில் அதைப் பற்றி அவர் நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்னும் இடைநிலைப் பள்ளி இன்றும் உள்ளது.

எனினும், மெட்ராஸ் முறைக்கும் கலந்துரையாடல் வட்டத்துக்கும் முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு. சட்டாம்பிள்ளை தமக்குச் சொல்லித்தரப்பட்டதை அப்படியே இளையவரிடம் ஒப்படைத்தார். வட்டத்தில் இருப்பவர்கள் ஒருவர் கருத்தை மற்றவர் சோதிக்கின்றனர். முன்னது அறிவைக் கைமாற்றும் முறை. பின்னது அறிவை உருவாக்கும் முறை.

ஒரு வட்டம் இயங்கும் விதம்

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவுக்கும் சுங்கைக்கும் இடையில் அமைந்துள்ள நகரம் பீடோர். கொய்யாவுக்கும் பெத்தாய்க்கும் பெயர்பெற்ற இந்நகரைச் சுற்றி ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பரவியிருந்தன. இன்று பெரும்பாலும் செம்பனையே கண்ணில் படுகிறது. இவ்வட்டாரப் பள்ளி ஒன்றில் மூன்றாம் படிவ மாணவர்கள் பன்னிருவர் தமிழ் வகுப்பில் வட்டமாக அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்வோம். ஆசிரியர் எழுதிய வினா இது: ‘தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தது நம் குடும்பங்களுக்கு முன்னேற்றமா, இழப்பா?’

முதலில் ஒரு மாணவி பேசுகிறார். “முன்னேற்றம்தான். லயத்து வீட்டில் இருந்தவர்கள் இன்று சொந்த வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் மேற்கல்வி கற்கிறார்கள்.”

அடுத்து ஒரு மாணவர் மறுக்கிறார். “இழப்பும் உண்டு. தோட்டத்தில் கோயில், பள்ளி, திடல் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. ஒரு வீட்டில் துக்கம் என்றால் எல்லாரும் வந்து நின்றார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது.”

இதுவரை கேட்டது பட்டிமன்றத்திலும் கேட்கக்கூடியதே. மூன்றாவதாக, அதிகம் பேசாத ஒரு மாணவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். “எங்கள் தாத்தா இருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தபோது வீடும் போய்விட்டது என்று சொல்வார். அவர் முன்னேறலாம் என்று கிளம்பி வரவில்லை.”

வட்டத்தில் அமைதி நிலவுகிறது. ஆசிரியர் அதைக் கலைக்கவில்லை. முதலில் பேசிய மாணவி மீண்டும் பேசுகிறார். “அப்படியானால் வெளியேறியது வேறு, வெளியேற்றப்பட்டது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். முதல் வகையினருக்கு முன்னேற்றம் என்று சொல்லலாம். இரண்டாம் வகையினரைப் பற்றி எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.”

இந்தச் சிறு உரையாடலில் நிகழ்ந்தவற்றைக் கவனியுங்கள். மிகக் குறைவாகப் பேசிய மாணவரே விவாதத்தின் திசையை மாற்றினார். அவர் நூலில் படித்ததைக் கூறவில்லை. வீட்டில் கேட்டதைக் கூறினார். மாணவி தம் முந்தைய கருத்தின் குறையைத் தாமே கண்டு, அதைக் கூர்மையாக்கினார். தமக்குத் தெரியாத பகுதி எது என்பதையும் அடையாளம் கண்டார். அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் மூன்று வினாக்கள் கேட்டு வருவது என முடிவாகிறது. அந்த வேலையை ஆசிரியர் திணிக்கவில்லை. உரையாடலிலிருந்து அது தானாகப் பிறந்தது.

வளர்ச்சி மனப்பான்மை

உளவியல் அறிஞர் கேரல் டுவெக், மனிதர்கள் தம் திறமையைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கைகளை இரண்டாகப் பிரித்தார். அறிவு பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது. அதை மாற்ற முடியாது என எண்ணுவது நிலைத்த மனப்பான்மை. நல்ல முறையும் பயிற்சியும் பிறர் உதவியும் இருந்தால் திறமை வளரும் என எண்ணுவது வளர்ச்சி மனப்பான்மை. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது.

1998ஆம் ஆண்டில் கிளாடியா முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்குச் சில புதிர்கள் கொடுக்கப்பட்டன. அவற்றை முடித்ததும், ஒரு பிரிவினரை “நீ அறிவாளி” என்று பாராட்டினர். இன்னொரு பிரிவினரை “நீ நன்கு முயன்றிருக்கிறாய்” என்று பாராட்டினர். பிறகு இரு பிரிவினருக்கும் கடினமான புதிர்கள் தரப்பட்டன, எல்லாரும் தடுமாறினர். இறுதியில், முதலில் தந்தவற்றைப் போன்ற எளிய புதிர்களே மீண்டும் தரப்பட்டன. முயற்சிக்காகப் பாராட்டு பெற்றவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தனர். அறிவாளி எனப் பாராட்டு பெற்றவர்கள் முன்னைவிடக் குறைவாகச் செய்தனர். தாங்கள் பெற்ற மதிப்பெண்ணைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவர்களும் இப்பிரிவிலேயே மிகுதி. ‘அறிவாளி’ என்ற பட்டத்தைக் காப்பாற்றும் கவலை, கற்கும் ஆர்வத்தை விழுங்கிவிட்டது.

இக்கருத்தைத் தமிழில் ஒரே சொல் மாற்றத்தால் விளக்கலாம். “எனக்கு வராது” என்பது நாளைக்கும் சேர்த்துக் கதவை மூடிவிடும் சொல். “எனக்கு இன்னும் வரவில்லை” என்பது இன்றுவரையிலான நிலையை மட்டுமே கூறுகிறது. நாளையைத் திறந்து வைக்கிறது. இலக்கணத்தில் இது சிறிய வேறுபாடு. ஆனால், கட்டுரை எழுதத் தெரியவில்லை, மலாய்மொழியில் பேச வரவில்லை, கணிதம் புரியவில்லை எனத் தவிக்கும் ஒரு மாணவருக்கு இவ்வேறுபாடு பெரிது.

எனினும், நம்பிக்கை மட்டும் போதுமா? 2019ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் ஏறத்தாழ 12,000 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். மூளை பயிற்சியால் வளர்கிறது என்பதைக் கற்பிக்கும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி ஒரு பகுதியினருக்குத் தரப்பட்டது. கல்வியில் பின்தங்கியிருந்த மாணவர்களின் மதிப்பெண் நான்கு புள்ளி அளவீட்டில் சராசரியாக 0.1 புள்ளி உயர்ந்தது. இது சிறிய உயர்வுதான். ஆயினும், அவ்வுயர்வு எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரி இல்லை என்பதே முக்கியமான செய்தி. கடினமான வேலையை விரும்பி ஏற்பதைச் சக மாணவர்கள் மதித்த பள்ளிகளில் அப்பயிற்சி நன்கு பலன் தந்தது. மற்ற பள்ளிகளில் விதை விழுந்தும் மண் ஏற்கவில்லை.

கலந்துரையாடல் வட்டத்தின் தேவை இங்கேதான் விளங்குகிறது. வளர்ச்சி மனப்பான்மை தனி ஒருவரின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் பொருள் அன்று. கேள்வி கேட்பவரை நண்பர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், தவறாகச் சொன்னவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, கருத்தை மாற்றிக்கொண்டவரை மதிக்கிறார்களா என்பவற்றைப் பொறுத்தே அது நிலைக்கும். வட்டம் அந்த மண்ணைப் பதப்படுத்துகிறது.

தன்னொழுங்கு

தம் கற்றலைத் தாமே நெறிப்படுத்தும் மாணவர்கள் மூன்று கட்டங்களாகச் செயல்படுகின்றனர் என்று அமெரிக்க உளவியல் அறிஞர் பேரி சிம்மர்மன் விளக்கினார். வேலையைத் தொடங்குமுன் இலக்கையும் வழியையும் திட்டமிடுகின்றனர். செய்யும்போது தங்களைத் தாங்களே கவனிக்கின்றனர். முடித்த பின் எது பலித்தது, எது பலிக்கவில்லை என எண்ணிப் பார்க்கின்றனர். அந்த எண்ணமே அடுத்த திட்டத்துக்கு அடிப்படையாகிறது.

நம் முன்னோர் செய்த பால்மரம் வெட்டும் தொழிலைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். பால் நன்கு வடியும் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். இரப்பர் மரத்தின் பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் அடர்ந்துள்ளன. கத்தி மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். ஆகவே, ஒவ்வொரு வெட்டிலும் கையின் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். தவறாக வெட்டிய இடத்தில் புதிய பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வெட்டியவரின் கைப்பிழையை மரமே காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்து அடுத்த வெட்டைத் திருத்திக்கொண்டவர்களே தேர்ந்த தொழிலாளர் ஆயினர். எவரும் அத்திறனோடு பிறக்கவில்லை.

தன் நிலையைத் தானே அறிவது சிறு பிள்ளைகளுக்கும் இயலும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் தொடங்கி, 2007ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் இதற்குச் சான்று. அதில் ‘கற்றல் ஏணி’ என்ற அட்டை சுவரில் தொங்கும். தாம் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதைக் குழந்தையே பார்த்து அறிந்துகொள்ளும். ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தாமே கற்கும் குழு எனப் பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்வர். ஓர் உதவியிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து, இறுதியில் தாமே கற்கும் நிலையை எட்டுவது அம்முறையின் நோக்கம்.

மலேசியாவில் 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022ஆம் ஆண்டில் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டன. வகுப்பறை மதிப்பீட்டுக்கு முதன்மை தரப்பட்டது. தேர்வின் அச்சுறுத்தல் குறைந்தது நல்லதே. ஆனால், “நான் எந்த நிலையில் இருக்கிறேன்?” என்ற வினாவைத் தேர்வுத் தாள் கேட்கும்வரை காத்திருப்பவர், எஸ்.பி.எம். தேர்வின்போதுதான் விழித்துக்கொள்வார். அவ்வினாவை ஒவ்வொரு வாரமும் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் முன்னைவிட இன்று தேவைப்படுகிறது.

கலந்துரையாடல் வட்டத்தில் இப்பழக்கம் இயல்பாகப் படிகிறது. பிறர் பேசும்போது குறுக்கிடும் ஆவலை அடக்குவதும், சொல்ல வந்ததை மறக்காமலிருக்க ஒரு சொல்லைக் குறித்துவைப்பதும், சினம் எழும்போது குரலைத் தாழ்த்துவதும் தன்னொழுங்கின் பயிற்சிகளே. பன்னிருவர் இருக்கும் வட்டத்தில் பேச 36 நிமிடம் கிடைத்தால் ஒருவருக்கு மூன்று நிமிடம். ஒருவர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் மற்ற இருவருக்குரிய நேரத்துக்கும் மேலாகவே போய்விடும். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் மூன்று புளியங்கொட்டைகள் கொடுக்கலாம். பேசும் ஒவ்வொரு முறையும் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். கொட்டை தீர்ந்தவர் கேட்கும் முறைக்கு மாறுவார். கையில் மூன்றும் மீந்திருப்பவரை வட்டம் அன்போடு அழைக்கும்.

நம்பிக்கையே அடித்தளம்

தன்னடக்கத்தைப் பற்றிய ஆய்வுகளுள் பலரும் அறிந்தது, வால்டர் மிஷல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சிறுவர்களைக் கொண்டு நடத்திய மிட்டாய்ச் சோதனை. உடனே ஒரு மிட்டாய் உண்ணலாம். பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுத்திருந்த பிள்ளைகளே மன உறுதி உடையவர்கள் என்று பலர் முடிவு செய்தனர். 2013ஆம் ஆண்டில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்சோதனைக்கு ஒரு முன்கட்டத்தைச் சேர்த்தனர். 28 சிறுவர்களிடம் முதலில் நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாக வாக்களித்தனர். ஒரு பாதியினருக்கு வாக்கைக் காப்பாற்றினர், மறுபாதியினரை ஏமாற்றினர். அதன் பிறகு மிட்டாய்ச் சோதனை நடந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட சிறுவர்கள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடமே பொறுத்திருந்தனர்.

ஏமாற்றப்பட்ட பிள்ளைகளுக்கு மன உறுதி இல்லை எனக் கூற முடியுமா? காத்திருந்தால் பயன் கிடைக்கும் என நம்ப அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. கலந்துரையாடல் வட்டத்துக்கும் இது பொருந்தும். “யாரும் சிரிக்க மாட்டோம்” என்று வாக்களித்துவிட்டு, ஒருவர் சொன்ன தவறான விடையை அன்று மாலையே புலனக் குழுவில் கேலியாகப் பகிர்ந்தால், அவர் மீண்டும் வாய் திறக்கமாட்டார். ஆகவே, வட்டத்துக்குச் சில விதிகள் வேண்டும். அவற்றை மாணவர்களே வகுத்துக் காப்பாற்ற வேண்டும்.

1. கருத்தை விமர்சிக்கலாம், கருத்துக் கூறியவரைப் பழிக்கக் கூடாது.
2. மறுப்பதற்கு முன், “நீ சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?” எனக் கேட்க வேண்டும்.
3. ஒவ்வொரு கருத்துக்கும் காரணமோ சான்றோ தர வேண்டும்.
4. கருத்தை மாற்றிக்கொள்பவரை மதிக்க வேண்டும்.
5. வட்டத்தில் பகிரப்பட்ட குடும்பச் செய்திகளை வெளியே பரப்பக் கூடாது.

வட்டம் கலைந்த பின் ஐந்து நிமிடம் எழுதுவதற்கு ஒதுக்குவது நன்று. ‘இன்று என் எந்தக் கருத்து மாறியது? யாருடைய சொல் அதை மாற்றியது? அடுத்த முறை நான் எதை வேறு விதமாகச் செய்வேன்?’ என்னும் மூன்று வினாக்களுக்கு ஒவ்வொரு வரியில் விடை எழுதினால் போதும். சில வாரங்கள் கழித்து அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பவர், தம் வளர்ச்சியைத் தம் கையெழுத்திலேயே காண்பார்.

நினைவில் கொள்ள வேண்டியவை

வளர்ச்சி மனப்பான்மையைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். “முயன்றால் போதும்” என்பது அதன் பொருள் அன்று. தவறான முறையில் நூறு முறை முயன்றாலும் அதே தவறுதான் உறுதிப்படும். முறையை மாற்றுவதும், தெரிந்தவரிடம் உதவி கேட்பதும் முயற்சியின் பகுதிகளே. உதவி கேட்பதைப் பலவீனமாகக் கருதும் மாணவர், நன்னூல் கூறும் இரண்டாவது கால் பங்கை இழந்துவிடுகிறார்.

ஒரு மாணவர் பின்தங்கினால், “உன் மனப்பான்மை சரியில்லை” என்று அவர்மீதே முழுப் பழியையும் சுமத்துவதும் முறையன்று. விடியுமுன் எழுந்து தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர், இரவில் பெற்றோரின் கடையில் உதவிசெய்பவர், படிக்க அமைதியான மூலைகூட இல்லாதவர் எனப் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குத் தேவைப்படுவது அறிவுரை மட்டுமன்று. நேரமும் இடமும் துணையும் தேவை. வட்டத்தில் அமர்ந்து பேசும் வகுப்பே இத்தகைய நிலைமைகளை அறியும். அறிந்த பிறகு ஒருவருக்கொருவர் குறிப்புகளைப் பகிரலாம். நேரம் ஒதுக்கிச் சேர்ந்து படிக்கலாம்.

அமைதியாக இருப்பவரை எப்போதும் பேச வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சிலருக்கு எழுத்தே சிறந்த வாயில். அவர்கள் எழுதித் தந்ததை மற்றொருவர் வாசிக்கலாம். பங்களிப்பதற்கு வழி இருக்கிறது என அவர் உணர்வதே முக்கியம்.

மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் 2013-2025, ஒவ்வொரு மாணவரும் பெற வேண்டிய ஆறு கூறுகளை வரையறுத்தது. அறிவோடு சிந்தனைத் திறன், தலைமைத்துவம், இருமொழி ஆற்றல், நன்னெறியும் ஆன்மீகமும், தேசிய அடையாளம் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். இவற்றை மனனம் செய்து பெற முடியாது. பழகித்தான் பெற வேண்டும். தமிழ் வகுப்பு அதற்கு ஏற்ற களம். வீட்டில் கேட்ட மொழியிலேயே தாத்தா பாட்டியின் வாழ்வைப் பேசவும், அதைக் காரணகாரியத்தோடு ஆராயவும் இங்கு முடியும். தமிழ் பேசத் தயங்கி, “எனக்குத் தமிழ் வராது” என்று இப்பாடத்தைக் கைவிட எண்ணும் நண்பர் ஒருவர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அடுத்த வகுப்பில் இருக்கைகளை வட்டமாக நகர்த்தும்போது, அவருக்கு உங்கள் பக்கத்தில் ஓர் இடம் வையுங்கள். அவர் பேசத் தொடங்கும்வரை மூன்று விநாடி காத்திருங்கள்.